சென்சார் போனாலும் சக்கரம் ஓடுமா?

மின்வண்டி மோட்டாருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு சென்சார்களை நம்பித்தான் வண்டி நகர்கிறது. அவை இல்லாமலே மோட்டாரை ஆளும் வித்தை ஒன்று உண்டு. மொட்டைமாடிக் குளிர்சாதனம் முதல் வயல்வெளி ஆழ்துளைக் கிணறு வரை அது பழகிப்போன நுட்பம். சாலையில் மட்டும் அது தயங்குவது ஏன்?

சிக்னலில் பச்சை விழுகிறது. பின்னால் ஹாரன் சத்தம். பேட்டரி ஸ்கூட்டரின் ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் பின்சக்கரம் ‘டர்ர்ர்’ என்று உதறுகிறது. ஓர் அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே என்று வண்டி நடுங்குகிறதே தவிர நகரவில்லை. ஓட்டுபவர் காலை ஊன்றி ஓர் உந்து உந்துகிறார். உடனே ஒன்றும் நடக்காததுபோல வண்டி கிளம்பிவிடுகிறது. அடுத்த சிக்னல் வரை எந்தக் குறையும் தெரியாது. அங்கே நின்றதும் மறுபடி அதே உதறல்.

பட்டறையில் இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, சாவியைப் போட்டுவிட்டு, மோட்டாரிலிருந்து வரும் ஐந்து மெல்லிய ஒயர்கள் சேரும் கனெக்டரில் மல்டிமீட்டரின் முனைகளைச் செருகுகிறார் மெக்கானிக். இன்னொரு கையால் சக்கரத்தை மெதுவாக உருட்டுகிறார். மஞ்சள் ஒயரில் வோல்ட் ஏறி இறங்கி ஏறுகிறது. பச்சையிலும் அப்படியே. நீலத்தில் மட்டும் எண் அசையவில்லை. ‘ஹால் போச்சு’ என்பதுதான் தீர்ப்பு. புது ஹால் சென்சாரின் விலை சில பத்து ரூபாய். ஆனால், அதை மாற்றச் சக்கரத்தைக் கழற்றி, மோட்டாரைப் பிரித்து, காந்தத்தின் பிடியிலிருந்து உள்பாகத்தை இழுத்தெடுத்து, பசை போட்டு ஒட்டிய பழைய சென்சாரைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

அதுவரை வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் பெட்டிதான் கண்ட்ரோலர். விலை குறைந்த பல கண்ட்ரோலர்களில் இரண்டு வெள்ளை ஒயர்கள் தனியாகத் தொங்கும். ஐந்து ஒயர் கனெக்டரை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால், யாரும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே சக்கரம் சுழலத் தொடங்கும். பின்னோக்கிச் சுற்றினால் ஒயரைப் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டியதுதான், திசை மாறிவிடும். சில விநாடி ஓடவிட்டுப் பிரித்தால் வேலை முடிந்தது. ஒரு சென்சார்கூட இணைக்கப்படாத அந்த மோட்டார் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். கிளம்பும்போது மட்டும் ஓர் உந்து தேவைப்படலாம்.

அந்த ஓர் உந்துக்குள்தான் இந்தத் துறையின் ஐம்பது ஆண்டுப் போராட்டம் இருக்கிறது.

46 காந்தம், ஒன்றரை சென்டிமீட்டர்

இன்றைய மின் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை நிரந்தரக் காந்த மோட்டாரில் ஓடுகின்றன. செம்புக் கம்பிச் சுருள்களைத் தாங்கி அசையாமல் நிற்பது ஸ்டேட்டர். காந்தங்களைத் தாங்கிச் சுழல்வது ரோட்டார். ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ஐக்யூபில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே ஓசூரில் உருவாகும் ஏத்தர் ஸ்கூட்டரில் அது வண்டியின் நடுவில் அமர்ந்து, பெல்ட் மூலம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இடம்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

பழைய டிசி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசி உரசி, எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதைத் தானாகவே தீர்த்துவைத்தது. பிரஷ் தேயும், பொறி பறக்கும், தூசு சேரும். பிரஷ்ஷை ஒழித்த புதிய மோட்டாரில் அந்தப் பொறுப்பு கண்ட்ரோலரின் தலையில் விழுந்தது. மூன்று கூட்டமாகச் சுற்றப்பட்ட சுருள்களில் எதற்கு மின்னோட்டம், எந்தத் திசையில், எவ்வளவு என்று அது நொடிக்குப் பல்லாயிரம் முறை முடிவு செய்கிறது. முடிவு சரியாக இருக்க வேண்டுமானால், காந்தம் இந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

எவ்வளவு துல்லியமாகத் தெரிய வேண்டும்? சக்கரத்துக்குள் பொருத்தும் மோட்டார்களில் 46 காந்தங்கள் கொண்ட அமைப்பு பரவலானது. வடக்கும் தெற்கும் மாறி மாறி 23 ஜோடி. சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் காந்தப்புலம் 23 முறை முழுச் சுழற்சி கண்டுவிடும். அந்த ஒவ்வொரு சுழற்சியையும் 360 பாகையாகப் பிரித்துத்தான் பொறியாளர்கள் பேசுவார்கள். கண்ட்ரோலர் தன் கணிப்பில் 30 பாகை பிசகினால் மோட்டாரின் டார்க், அதாவது முறுக்குவிசை, சுமார் 87 சதவிகிதமாகக் குறையும். 60 பாகை பிசகினால் பாதி. 90 பாகை பிசகினால் டார்க் சுத்தமாக இல்லை. அதையும் தாண்டினால் மோட்டார் எதிர்த்திசையில் இழுக்கும். இந்த 90 பாகை, நிஜச் சக்கரத்தில் நான்கு பாகைக்கும் குறைவு. சிறிய ஸ்கூட்டர் டயரின் விளிம்பில் அளந்தால் ஒன்றரை சென்டிமீட்டர். வண்டி ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று கண்ட்ரோலர் தவறாக நினைத்தால் போதும், முழு இழுவையும் போய்விடும்.

மூன்று ஹால் சென்சார்கள் இந்தத் தகவலைத் தருகின்றன. ஒவ்வொன்றும் தன்னைக் கடப்பது வடக்கா தெற்கா என்று மட்டும் சொல்லும். மூன்றின் பதிலையும் சேர்த்தால் ஒரு சுழற்சியை 60 பாகை கொண்ட ஆறு துண்டுகளாகப் பிரித்து அறியலாம். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் பதில் வரும் என்பதுதான் இவற்றின் பெரும்பலம்.

பெட்டிச் செய்தி: ஐந்து ஒயரின் கதை

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எட்வின் ஹால், 1879-இல் மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதைக் காந்தப்புலத்தில் வைத்தார். தகட்டின் குறுக்கே மிகச்சிறிய மின்னழுத்தம் தோன்றியது. அதுவே ஹால் விளைவு. ஸ்கூட்டர் மோட்டாரில் பொதுவாகச் சிவப்பு ஒயர் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்கும், கறுப்பு தரை இணைப்பு, மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சேதி கொண்டுவரும். மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த மூன்று ஒயர்கள் தனி. அச்சுத் தண்டின் துளை வழியாக இவை எல்லாம் சேர்ந்தே வெளியே வருகின்றன. ஒயர் உரசி அறுவதும் மழைநீர் இறங்குவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மோட்டார் பேசும் மொழி

காந்தம் ஒரு சுருளைக் கடக்கும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது. மோட்டாரும் இதற்கு விலக்கில்லை. மின்சாரம் வாங்கிச் சுழலும்போதே, தன் காந்தங்களால் தன் சுருள்களில் எதிர்ப்பாக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். பாடப்புத்தகத்தில் இதன் பெயர் எதிர் மின்னியக்கு விசை. பட்டறையில் பேக் ஈ.எம்.எஃப். வேகம் கூடினால் அதன் அளவு கூடும். காந்தம் இருக்கும் இடத்துக்கு ஏற்ப அதன் அலை ஏறி இறங்கும். ஆக, சென்சார் சொல்ல வேண்டிய சேதியை மூன்று தடித்த ஒயர்களே சுமந்துகொண்டிருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தால் ஐந்து மெல்லிய ஒயர்கள் தேவையில்லை. சென்சார் இல்லாக் கட்டுப்பாடு என்பதன் சாரம் இவ்வளவுதான். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது: மின்னோட்டத்தை அளக்கும் கருவி கண்ட்ரோலருக்குள் எப்போதும் வேண்டும். இல்லாமல் போவது நிலையையும் வேகத்தையும் காட்டும் சென்சார் மட்டுமே.

எளிய வகைக் கண்ட்ரோலரில் இந்த வாசிப்பும் எளிது. அங்கே எந்தக் கணத்திலும் இரண்டு சுருள்களில்தான் மின்சாரம் ஓடும், மூன்றாவது சும்மா இருக்கும். சும்மா இருக்கும் அந்தச் சுருளில் தெரியும் மின்னழுத்தம் நேரிலிருந்து எதிருக்குப் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தைப் பிடித்துவிட்டால், அங்கிருந்து சரியாக 30 பாகை கழித்து அடுத்த சுருளுக்கு மாற வேண்டும். ட்ரோன்களின் விசிறிகள் பெரும்பாலும் இந்த வழியில் சுழல்கின்றன.

நிற்கும் மோட்டார் பேசாது. வேகம் பூஜ்யம் என்றால் எதிர் மின்னழுத்தமும் பூஜ்யம். அதனால் கண்ட்ரோலர் முதலில் குருட்டாம்போக்கில் ஒரு வேலை செய்கிறது. ஏதோ ஒரு சுருளில் மின்சாரம் செலுத்திக் காந்தத்தை ஓரிடத்துக்கு இழுத்து நிறுத்தும். பிறகு பதிலை எதிர்பார்க்காமலே மெல்ல மெல்ல வேகம் கூட்டிச் சுருள்களை மாற்றிக்கொண்டு போகும். சக்கரம் பின்தொடர்ந்து வந்து, கேட்கும் அளவுக்கு எதிர் மின்னழுத்தம் பிறந்ததும், அதைப் பிடித்துக்கொள்ளும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பிரஷ் இல்லாத பிஎல்டிசி மின்விசிறி வைத்திருப்பவர்கள் சுவிட்சைப் போட்டதும் இறக்கையைக் கவனித்தால், பல மாடல்களில் அது முதலில் லேசாக அசையும், சில சமயம் கொஞ்சம் பின்னோக்கியும் போகும், அதன் பிறகே சீராகச் சுற்றத் தொடங்கும். சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் 28 முதல் 35 வாட்டில் முடித்துவிடும் இவற்றில் பெரும்பாலானவை நிலைச் சென்சார் இல்லாதவை. கூரையில் தொங்கும் இறக்கை கால் சுற்று பின்னால் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. மேம்பாலச் சரிவில், பின்னால் லாரி நிற்கும்போது, ஸ்கூட்டர் அப்படிப் போகலாமா?

கணக்கால் பார்ப்பது

நல்ல ஸ்கூட்டர்களிலும் கார்களிலும் மூன்று சுருள்களிலும் ஒரே சமயத்தில் மின்சாரம் அலையாக ஓடுகிறது. ஓட்டம் வழுவழுப்பாக இருக்கும், சத்தம் குறையும். ஆனால், ஒட்டுக்கேட்க ஒரு சுருளும் சும்மா இருக்காது. எனவே கண்ட்ரோலர் கணக்குப் போடுகிறது. சுருளுக்குக் கொடுத்த மின்னழுத்தம் தெரியும். ஓடும் மின்னோட்டம் அளக்கப்படுகிறது. கொடுத்த மின்னழுத்தத்தில் சுருளின் மின்தடை எவ்வளவு விழுங்கியது, மின்தூண்டல் எவ்வளவு விழுங்கியது என்பதைக் கழித்தால், மிச்சம் இருப்பது எதிர் மின்னழுத்தம். அதிலிருந்து கோணம், கோணம் மாறும் விதத்திலிருந்து வேகம்.

இந்தக் கணக்குக்கான ஏணியைப் பலர் சேர்ந்து கட்டினார்கள். மூன்று அலைகளை இரண்டாகச் சுருக்கும் மாற்றம், அமெரிக்கப் பொறியாளர் எடித் கிளார்க்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1947-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அந்த நாட்டில் மின்பொறியியல் பேராசிரியரான முதல் பெண் அவர். ரோட்டாரோடு சேர்ந்து சுழலும் ஒருவர் கண்ணால் மோட்டாரைப் பார்க்கும் மாற்றத்தை ராபர்ட் பார்க் 1929-இல் தந்தார். அப்படிப் பார்த்தால் ஏறி இறங்கும் அலைகள் அசையாத இரண்டு எண்களாகிவிடும். ஓர் எண் காந்தப்புலத்துக்கு, ஓர் எண் டார்க்குக்கு. ஜெர்மனியில் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹாஸெயும், சீமென்ஸ் நிறுவனத்தின் பிளாஷ்கேயும் இந்தப் பார்வையை மோட்டாரை ஓட்டும் முறையாகவே மாற்றினார்கள். இன்று மின்கார்களில் வழக்கமாகிவிட்ட எஃப்ஓசி என்பது அதுதான்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்தவற்றிலிருந்து தொடர்ந்து கணித்துத் திருத்திக்கொண்டே போகும் கணித அமைப்புக்கு அப்சர்வர் என்று பெயர். 1960-இல் கால்மன் தந்த வடிகட்டியும், அதே பத்தாண்டில் லூவன்பெர்கர் தந்த அப்சர்வரும் இதன் வேர்கள். கண்ட்ரோலருக்குள் மோட்டாரின் ஒரு கணக்கு நகல் ஓடிக்கொண்டிருக்கும். நிஜ மோட்டாரில் அளந்த மின்னோட்டமும் நகல் சொல்லும் மின்னோட்டமும் ஒத்துப்போகாவிட்டால், நகலின் கோணம் தவறு என்று பொருள்; உடனே திருத்தம். நொடிக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் முறை இது நடக்கிறது. ஒரு காலத்தில் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மட்டுமே எட்டிய இந்த வேகம், இப்போது விலை மலிந்த சிறு சிப்புக்குள் அடங்கிவிட்டது. ஸ்வீடனின் பெஞ்சமின் வெடர் உருவாக்கி, மூல நிரலோடு பொதுவில் விட்ட வெஸ்க் கண்ட்ரோலரைக் கொண்டு உலகெங்கும் மாணவர்கள் தங்கள் மின் ஸ்கேட்போர்டுகளைச் சென்சார் இல்லாமல் ஓட்டுகிறார்கள்.

கணக்கு எங்கே வழுக்குகிறது என்பதையும் எண்களாலேயே பார்த்துவிடலாம். 48 வோல்ட் வண்டி ஒன்று, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 48 வோல்ட் எதிர் மின்னழுத்தம் தருவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 4 கி.மீ., அதாவது நடை வேகத்தில், அது 4.8 வோல்ட். வண்டி அப்போதுதான் அசையத் தொடங்கும் 0.4 கி.மீ. வேகத்தில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. கண்ட்ரோலரின் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே கணத்தில் மின்சாரத்தைக் கடத்தினால் பேட்டரி குறுக்குச்சுற்றாகிவிடும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு மைக்ரோ விநாடி அளவுக்கு இரண்டையும் அணைத்துவைப்பார்கள். நொடிக்கு 16,000 முறை சுவிட்ச் மாறும் வண்டியில் இந்த இடைவெளி மட்டுமே முக்கால் வோல்ட் பிழையை உண்டாக்கும். தேடும் பொருள் அரை வோல்ட், தேடும் கண்ணில் உள்ள தூசு முக்கால் வோல்ட். இந்தப் பிழையை ஓரளவு கணித்துக் கழிக்க முடியும். முழுதாக ஒழிக்க முடியாது. எதிர் மின்னழுத்தத்தை நம்பும் முறைகள், மோட்டாரின் முழு வேகத்தில் ஐந்து முதல் பத்து சதவிகிதத்துக்குக் கீழே நம்பகம் இழப்பது இதனால்தான்.

பெட்டிச் செய்தி: சூடேறினால் கணக்கும் மாறும்

செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவிகிதம் கூடும். காலையில் 25 டிகிரியில் இருந்த சுருள், மதியம் சுமையோடு மேடேறி 125 டிகிரியைத் தொட்டால், அதன் மின்தடை 39 சதவிகிதம் ஏறியிருக்கும். அதே 100 டிகிரி உயர்வில் நியோடிமியம் காந்தத்தின் வலு பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். கண்ட்ரோலரின் கணக்கு நகல் இன்னும் காலை மோட்டாரையே நினைத்துக்கொண்டிருந்தால் கோணம் பிசகும். மோட்டாரின் வெப்பத்தை அளந்து, கணக்கையும் கூடவே திருத்தும் கண்ட்ரோலர்தான் இந்த வேலைக்கு ஏற்றது.

நிற்கும் மோட்டாரைத் தட்டிக் கேட்பது

தேங்காயைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்வதுபோல, பேசாத மோட்டாரையும் தட்டிக் கேட்கலாம். 1980-களின் இறுதியில் வியன்னாவில் மன்ஃபிரெட் ஷ்ரோடல் இன்ஃபார்ம் என்ற முறையை உருவாக்கினார். 1990-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லோரன்ஸின் குழு, உயர் அதிர்வெண் மின்னழுத்தத்தை மோட்டாருக்குள் செலுத்தும் முறையை வளர்த்தது. இரண்டின் அடிப்படையும் ஒன்றுதான். காந்தம் இருக்கும் திசையில் சுருளின் மின்தூண்டல் ஓரளவு, அதற்குக் குறுக்குத் திசையில் வேறளவு. நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சிறு துடிப்புகளைச் செலுத்தி, எந்தத் திசையில் மின்னோட்டம் எளிதாக ஏறுகிறது என்று பார்த்தால், நிற்கும் மோட்டாரிலும் காந்தத்தின் திசை தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. காந்தம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பது தெரியும். அந்தக் கோட்டின் எந்த முனை வடக்கு என்பது தெரியாது. முனை மாறினால் 180 பாகைப் பிழை, அதாவது முன்னே போக வேண்டிய வண்டி முழு இழுவையோடு பின்னே போகும். இதைத் தீர்க்க இரு பக்கமும் சற்று வலுவான துடிப்பு ஒவ்வொன்றைக் கொடுப்பார்கள். காந்தத்தோடு சேர்ந்துபோகும் திசையில் இரும்பு ஏற்கெனவே காந்தத்தால் நிறைந்திருக்கும். அந்தப் பக்கம் மின்னோட்டம் கொஞ்சம் அதிகமாகப் பாயும். அந்தக் ‘கொஞ்சம்’தான் வடக்கையும் தெற்கையும் பிரிக்கிறது.

காந்தங்கள் இரும்புக்குள் புதைந்த மோட்டாரில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். மேற்பரப்பில் ஒட்டிய காந்தங்கள் கொண்ட மோட்டாரில், சக்கர மோட்டார்களில் பல இந்த வகை, வேறுபாடு மிகச் சிறிது. சுமை கூடும்போது அதுவும் இடம் மாறும். துடிப்புகள் மெல்லிய கீச்சொலியாகக் காதில் விழும். ஆற்றலும் சற்று விரயமாகும். மெதுவான வேகத்தில் இந்த முறை, வேகம் பிடித்ததும் எதிர் மின்னழுத்தம் என்று இரண்டையும் கோத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு உதறல் இல்லாமல் மாற வேண்டும். இந்த வேலையில் அதிகம் உழைப்பு தின்னும் இடம் அந்த மாற்றம்தான்.

பம்புக்குப் பொருந்துவது வண்டிக்குப் பொருந்துமா?

சென்சார் இல்லா நுட்பம் எங்கெல்லாம் வென்றது என்று பார்த்தால், சாலையில் ஏன் தயங்குகிறது என்பது விளங்கும். இன்வெர்ட்டர் ஏசியின் கம்ப்ரசர் முழுதாக மூடி வெல்டிங் செய்யப்பட்டது. உள்ளே சூடான எண்ணெயும் குளிரூட்டும் வாயுவும். அங்கே சென்சாரை வைத்தால் பழுது பார்க்க வழியில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் நூற்றுக்கணக்கான அடி கீழே இறங்கும் சோலார் பம்பின் மோட்டாருக்குத் தடித்த ஒயர்களைக் கொண்டுபோவதே பாடு. மெல்லிய சென்சார் ஒயரையும் சேர்த்து இறக்குவது வீண் வேலை. கோவைப் பட்டறைகளுக்குப் பழகிய பம்பில் இன்னொரு வசதியும் உண்டு. பம்பின் சுமை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. கிளம்பும்போது சுமை ஏறக்குறைய இல்லை. முதல் சில சுற்றுகளில் கணிப்பு தவறினாலும் தண்ணீர் கோபித்துக்கொள்ளாது.

வண்டி நேர்மாறு. அதன் கடினமான கணமே முதல் கணம். இரண்டு பேர், காய்கறி மூட்டை, சரிவான மேம்பாலம், முழு டார்க் வேண்டும், சக்கரம் நிற்கிறது. கேட்க ஒன்றுமில்லாத இடத்தில்தான் வண்டி மிகச் சரியான பதிலைக் கேட்கிறது. முதல் முயற்சி தோற்றால் உதறல். ஓட்டுபவர் இயல்பாக ஆக்ஸிலரேட்டரை இன்னும் திருகுவார். சுழலாத மோட்டாரில் மின்னோட்டம் சுருள்களுக்கிடையே மாறி மாறிப் பகிரப்படாது. ஓரிரு சுருள்களும் அவற்றுக்கான சுவிட்சுகளும் மொத்தச் சூட்டையும் வாங்கும். சில விநாடியில் கண்ட்ரோலர் எரிவதும் உண்டு. சில பத்து ரூபாய் சென்சார் பழுது, சில ஆயிரம் ரூபாய்ப் பழுதாக மாறுவது இந்த வழியில்தான்.

கார் நிறுவனங்கள் இதை முதலிலேயே உணர்ந்துவிட்டன. 1997-இல் வந்த டொயோட்டா பிரியஸ் தொடங்கி, காந்த மோட்டார் கொண்ட கார்கள் பெரும்பாலும் ரிசால்வர் என்ற கருவியை நம்புகின்றன. செம்பும் இரும்பும் மட்டும்தான் அதில்; எலக்ட்ரானிக்ஸ் ஏதுமில்லை. கொதிக்கும் எண்ணெயும் அதிர்வும் அதை அசைப்பதில்லை. நின்ற இடத்திலேயே கோணத்தைத் துல்லியமாகச் சொல்லும்.

அதற்காகச் சென்சார் இல்லா முறையைக் கார்காரர்கள் ஒதுக்கிவிடவில்லை. இரண்டாவது காதாக வைத்துக்கொண்டார்கள். வாகனங்களின் மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரம் 2011-இல் வெளியானது. 2018-இல் வந்த இரண்டாம் பதிப்பு மோட்டார் சைக்கிள்களுக்கும் விரிந்தது. ஓட்டுபவர் கேட்காமல் மோட்டார் இழுக்கக்கூடாது, கேட்டதற்கு எதிராகவும் இழுக்கக்கூடாது என்பது அந்தச் சிந்தனையின் நடுப்புள்ளி. சென்சார் சொல்லும் கோணமும் கணக்கு சொல்லும் கோணமும் ஒத்துப்போகின்றனவா என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால், சென்சார் பொய் சொல்லத் தொடங்கிய கணமே தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது சென்சார் அறுந்துபோனால், கணக்கை நம்பி, வேகத்தையும் டார்க்கையும் குறைத்து, வண்டியை ஓரங்கட்டவோ வீடு சேர்க்கவோ முடியும். நெடுஞ்சாலை நடுவில் இழுவை சட்டென்று அறுவதற்கும், மெல்லக் குறைந்து ஊர்ந்தாவது போவதற்கும் உள்ள வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

ஸ்கூட்டரிலும் சென்சார் இல்லா முறைக்குச் சரியான இடம் இதுவே. சென்சாரை ஒழித்துச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கும் குறுக்கு வழியாக அதைக் கையாள்வது தவறு. கிளம்ப ஹால் சென்சார், ஓடும்போது இரண்டும், சென்சார் போனால் ஊர்ந்து வீடு சேரும் வசதி என்று மூன்றும் ஒரே கண்ட்ரோலரில் அமைவதற்கு இன்று பெரிய செலவு இல்லை. சிப் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, நிரல்தான் வேண்டும். 250 வாட்டுக்கு மிகாத, மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகாத, பதிவும் உரிமமும் தேவைப்படாத மெது வண்டிகள்தான் இதில் பின்தங்கி நிற்கின்றன. அவற்றை ஓட்டுபவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் நிறைய. உந்தித் தள்ளிக் கிளம்பும் வலு அவர்களுக்குத்தான் குறைவு.

காந்தமும் இந்தக் கதைக்குள் வருகிறது

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கிய நியோடிமியம் காந்தம்தான் கையடக்க மோட்டாரைச் சாத்தியமாக்கியது. அது சூட்டைத் தாங்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற அரிய மண் தனிமங்களைக் கலக்கிறார்கள். 2025 ஏப்ரலில் இந்த இரண்டு உட்பட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயம் என்றது. உலகெங்கும் வாகன ஆலைகள் காந்தம் கிடைக்காமல் திணறின. இந்திய மின்வண்டித் தயாரிப்பாளர்களும் தப்பவில்லை.

இதன் பிறகு அரிய மண் இல்லாத மோட்டார்கள் பற்றிய பேச்சு வேகம் பிடித்தது. ஒலிபெருக்கியில் இருக்கும் ஃபெரைட் காந்தம் மலிவு. ஆனால், வலுவில் நியோடிமியத்தில் மூன்றில் ஒரு பங்குதான். குறையை ஈடுகட்ட, இரும்பின் வடிவத்தையே ஒரு திசையில் காந்தக்கோடுகளுக்கு எளிதாகவும் இன்னொரு திசையில் கடினமாகவும் செதுக்குகிறார்கள். ரிலக்டன்ஸ் மோட்டார்களின் தத்துவம் அது. தட்டிக் கேட்கும் முறைக்கு வேண்டியதும் இதே திசை வேறுபாடுதான். மேற்பரப்பு ஒட்டுக் காந்த மோட்டாரில் மங்கலாகத் தெரிந்தது இங்கே உரக்கக் கேட்கும். காந்தத் தட்டுப்பாட்டால் பிறக்கும் புதிய மோட்டார்கள், நிற்கும்போதும் சென்சார் இல்லாமல் கட்டுப்படக்கூடியவையாக அமைய நல்ல வாய்ப்பு இருக்கிறது.

பட்டறைக்கு வேண்டியது

ஓசூர், போச்சம்பள்ளி, ராணிப்பேட்டை என்று தமிழ்நாட்டில் ஸ்கூட்டர் ஆலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவை அனுப்பும் வண்டிகள் உத்தரவாதக் காலம் முடிந்ததும் வந்து நிற்கப்போவது தெருமுனைப் பட்டறையில்தான். கார்பரேட்டர் ஜெட்டை ஊதிச் சரிசெய்த கைகள் இப்போது மல்டிமீட்டர் பிடிக்கின்றன. ஹால் சோதனையை அவை கற்றுக்கொண்டும் விட்டன. ஆனால், கண்ட்ரோலர் தன் கோளாறு எண்ணை யாரிடம் காட்டும், மோட்டாரை மாற்றியபின் கோணத்தை எப்படி மறுபடி கற்பிப்பது என்ற விவரங்கள் பல வண்டிகளில் நிறுவனத்தின் மென்பொருளுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. மலிவுக் கண்ட்ரோலரில் இரண்டு வெள்ளை ஒயரால் முடிகிற வேலைக்கு, விலை உயர்ந்த வண்டியை வேனில் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்காகச் சிலவற்றைப் பூட்டுவது நியாயம். கோளாறு எண்ணின் பொருளைக்கூடப் பூட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வண்டி வைத்திருப்பவர் அறிந்துகொள்ள வேண்டியது சிறிதுதான். கிளம்பும்போது உதறினால் ஆக்ஸிலரேட்டரை உடனே விட்டுவிட வேண்டும். வண்டியைக் காலால் உந்தி அல்லது தள்ளிச் சற்று உருளவிட்டு, பிறகு மெல்லத் திருகிப் பார்க்கலாம். மழைக்குப் பிறகு வந்த உதறல் என்றால் ஐந்து ஒயர் கனெக்டரில் ஈரமோ பச்சை படிந்த களிம்போ இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. மோட்டாரைப் பிரிக்காமலே பாதிப் பிரச்னை அங்கே தீர்ந்துவிடக்கூடும். ஒரு சென்சார்தான் போயிருக்கிறது என்றாலும், மோட்டாரைத் திறந்த கையோடு மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது. மற்ற இரண்டும் அதே சூட்டையும் ஈரத்தையும் அதே ஆண்டுகள் தாங்கியவை.

மாற்றி முடித்ததும் நடு ஸ்டாண்டில் சக்கரம் வழுவழுவென்று சுற்றுவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. சுமை இல்லாத சக்கரம், கோணம் கணிசமாகப் பிசகியிருந்தாலும் சுற்றும். பின்னால் ஒருவரை உட்காரவைத்து, சரிவான இடத்தில் முழுதாக நிறுத்தி, அங்கிருந்து கிளப்பிப் பார்க்க வேண்டும். சக்கரம் நிற்கும் இடத்தைச் சற்றுச் சற்று மாற்றி, ஐந்தாறு முறை.